மின்கைக்கருவி வாடகை

மின்கைக்கருவி வாடகை என்பது துளையிடும் கருவி, கிரைண்டர், பிரேக்கர், மார்பிள் கட்டர் போன்ற கையால் பிடித்து இயக்கும் மின்கருவிகளை ஒப்பந்ததாரர்களுக்கும் வீட்டுக்காரர்களுக்கும் நாள் அல்லது மணிக் கணக்கில் கட்டணம் பெற்றுக்கொண்டு தரும் தொழில் ஆகும். பெட்ரோலில் ஓடும் புல்வெட்டி, மரம் அறுக்கும் சங்கிலி வாள், மருந்து தெளிப்பான் ஆகியவையும் இக்கடைகளில் சேர்ந்தே இருப்பதால் நடைமுறையில் அவையும் இதே தொழிலில் அடங்கும். இக்கட்டுரை இத்தொழிலின் கணக்கு, சட்டம், பாதுகாப்பு ஆகியவற்றை, தேனி மாவட்டத்தில் போடிநாயக்கனூர், பொட்டிபுரம் பகுதியின் மலையடிச் சூழலை முன்வைத்து விளக்குகிறது.

இரவலும் வாடகையும்

கடப்பாரை, மண்வெட்டி, ஏணி ஆகியவற்றை அக்கம்பக்கத்தில் இரவல் வாங்குவது கிராமங்களில் பழைய வழக்கம். இரவலுக்குக் கூலி கிடையாது. திருப்பித் தரும் நாளும் கிடையாது. பொருள் உடைந்தால் மனத்தாங்கலோடு அது முடிந்துவிடும். கட்டட வேலையில் வாடகை முறையும் புதிதன்று. தளம் போடச் சென்ட்ரிங் பலகையும் முட்டும், சாரம் கட்டக் கம்பும், கலவை இயந்திரமும், கான்கிரீட்டை இறுக்கும் வைப்ரேட்டரும் தமிழ்நாட்டின் சிற்றூர்களிலும் நெடுங்காலமாக வாடகைக்குக் கிடைக்கின்றன. கல்யாண வீட்டுக்குப் பாத்திரமும் பந்தலும் கிடைப்பது போலத்தான் இதுவும்.

மின்கைக்கருவி இவ்வரிசையில் பிற்பாடு வந்து சேர்ந்தது. பலகைக்கும் பாத்திரத்திற்கும் இல்லாத ஒரு தன்மை இதற்கு உண்டு. இது வெளியே பார்த்தால் நன்றாக இருக்கும்; உள்ளே கெட்டிருக்கும். கெட்ட பலகை வளைந்திருப்பதைக் கண்ணால் காணலாம். உறை உரிந்த கம்பி உள்ளே உடலில் தொட்டுக்கொண்டிருக்கும் துளைக்கருவியைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. இத்தொழிலில் எழும் பூசல்களும் விபத்துகளும் பெரும்பாலும் இந்த ஒரு தன்மையிலிருந்தே கிளைக்கின்றன.

கருவிகளின் வரலாறு

மின்சாரத்தால் இயங்கும் துளைக்கருவிக்கு 1889இல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் ஆர்தர் ஜேம்ஸ் ஆர்னாட், வில்லியம் பிளாஞ்ச் பிரெய்ன் ஆகிய இருவர் காப்புரிமை பெற்றனர். அது கையில் தூக்கக்கூடியதன்று. தூக்கிச் செல்லக்கூடிய மின் துளைக்கருவியை ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரிலிருந்த ஃபைன் நிறுவனம் 1895இல் செய்தது. கைத்துப்பாக்கி போன்ற பிடியும் விரலால் அழுத்தும் விசையும் கொண்ட இன்றைய வடிவத்திற்கு அமெரிக்காவின் பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனம் 1917இல் காப்புரிமை பெற்றது. சுழன்றுகொண்டே சுத்தியல் போல அடிக்கும் கருவியை பாஷ் நிறுவனம் 1932இல் வெளியிட்டது. கான்கிரீட்டில் துளையிடுவதை எளிதாக்கியது இதுவே. ஆங்கிள் கிரைண்டர் 1954இல் ஜெர்மனியின் ஃபிளெக்ஸ் நிறுவனத்திடமிருந்து வந்தது. மின்கலத்தில் ஓடும் துளைக்கருவியை பிளாக் அண்ட் டெக்கர் 1961இல் அறிமுகப்படுத்தியது.

வாடகைக் கடைக்கு இவற்றையெல்லாம்விட உதவிய மாற்றம், 1975இல் பாஷ் கொண்டுவந்த எஸ்.டி.எஸ். என்னும் பிட் பொருத்தும் முறை. சாவி இல்லாமல், தள்ளித் திருகினால் பிட் பூட்டிக்கொள்ளும். சிறு சுத்தியல் டிரில்களில் 10 மில்லிமீட்டர் தண்டும் பெரியவற்றில் 18 மில்லிமீட்டர் தண்டும் பொதுவானதால், ஒரு நிறுவனத்தின் பிட் மற்றொன்றின் கருவியிலும் பொருந்தும். இல்லாவிட்டால் ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனிப் பிட் வாங்கி வைக்கவே கடைக்காரரின் முதல் கரைந்துபோயிருக்கும்.

எவை வாடகைக்குப் போகின்றன

எல்லாக் கருவியும் வாடகைக்கு ஏற்றதன்று. நான்கு அங்குல கிரைண்டர், சிறு டிரில் ஆகியவை விலை குறைவு. கொத்தனார், எலக்ட்ரீஷியன், தச்சர் எல்லாரும் சொந்தமாக வைத்திருப்பர். இவற்றை வாடகைக்குக் கேட்பவர் வீட்டுக்காரர்தான். ஒப்பந்ததாரர் வாடகைக்குக் கேட்பது விலை கூடியதும் எப்போதாவது தேவைப்படுவதுமான கருவி. கான்கிரீட்டையும் பழைய தரையையும் உடைக்கும் பிரேக்கர், சுவரில் வயர் பதிக்கக் காடி வெட்டும் கருவி, கம்பி அறுக்கும் 14 அங்குலக் கட்டிங் மெஷின், குழாய் செல்ல வட்டமாகத் துளையெடுக்கும் கோர் கட்டிங் மெஷின், மண் இறுக்கும் ராமர் ஆகியவை அத்தகையன.

ஒரு கருவி தன் ஆயுளில் 13 நிமிடமே ஓடுகிறது என்று பகிர்வுப் பொருளாதாரம் பற்றிய பேச்சுகளில் அடிக்கடி கேட்கலாம். இந்த எண் சொல்பவருக்கு ஏற்ப 6 முதல் 20 நிமிடம் வரை மாறுவதால் அதை நம்பிக் கணக்குப் போட வேண்டியதில்லை. வீட்டில் அலமாரி மாட்ட வாங்கிய டிரில் பரணில் தூங்குகிறது என்பது மட்டும் எல்லாரும் அறிந்ததே.

வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா

எடுத்துக்காட்டாக ஒரு பிரேக்கரின் விலை 12,000 ரூபாய் என்றும் நாள் வாடகை 400 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். 12,000ஐ 400ஆல் வகுத்தால் 30. அதாவது 30 நாள் வாடகை கருவியின் விலைக்குச் சமம். குளியலறைத் தரையை இரண்டு நாள் உடைக்கும் வீட்டுக்காரருக்கு 800 ரூபாயில் வேலை முடிகிறது. அவர் வாங்குவது வீண். மாதம் எட்டு நாள் பிரேக்கர் பிடிக்கும் மேஸ்திரி நான்கு மாதத்தில் 12,800 ரூபாய் வாடகை கட்டிவிடுவார். அவர் வாங்குவதே நல்லது. கணக்கு இவ்வளவு தெளிவாக இருந்தும் பல மேஸ்திரிகள் ஆண்டுக்கணக்கில் வாடகைக்கே எடுக்கின்றனர். காரணம் அறியாமை அன்று. 12,000 ரூபாயை ஒரே நாளில் எடுத்து வைக்க அவர்களிடம் இருப்பதில்லை. 400 ரூபாயை அன்றைய கூலியோடு சேர்த்து வீட்டுக்காரரிடம் வாங்கிவிடலாம். பழுது வந்தால் கடைக்காரர் பார்த்துக்கொள்வார் என்பதும் ஒரு காரணம்.

கடைக்காரரின் கணக்கு வேறு. அவருக்கு முக்கியம் ஒரு நாளின் வாடகை அன்று, மாதத்தில் எத்தனை நாள் கருவி வெளியே இருந்தது என்பதே. அதே பிரேக்கர் மாதம் 10 நாள் வெளியே போனால் 4,000 ரூபாய். மூன்று மாதத்தில் போட்ட பணம் வந்ததாகத் தோன்றும். ஆனால் அதிலிருந்து கார்பன் பிரஷ், கிரீஸ், உளி தீட்டுதல், வயர் மாற்றுதல், கடை வாடகை ஆகியவற்றைக் கழிக்க வேண்டும். மாதம் மூன்று நாள் மட்டும் போகும் கருவிக்கு 1,200 ரூபாய்தான். விலை மீள பத்து மாதமாகும், அதுவும் செலவைக் கழிக்காமல். ஆகவே புதிதாகக் கடை வைப்போர் பத்து வகைக் கருவியில் ஒவ்வொன்று வாங்குவதைவிட, நன்றாக ஓடும் இரண்டு மூன்று வகையில் இரண்டிரண்டு வைத்திருப்பது மேல். ஒன்று பழுதானாலும் வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்ப வேண்டியிராது.

முதலுக்குக் கடன் தேடுவோர்க்கு 2015 ஏப்ரலில் தொடங்கிய முத்ரா திட்டம் உண்டு. 50,000 ரூபாய் வரை சிசு, 5 லட்சம் வரை கிஷோர், 10 லட்சம் வரை தருண் என அதில் பிரிவுகள் உள்ளன. வாடகைக்கு விடுதல் ஜி.எஸ்.டி. சட்டத்தில் சேவையாகக் கருதப்படுவதால், தமிழ்நாட்டில் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் பதிவு கட்டாயமாகும். சிறு கடைகள் பலவும் இந்த வரம்புக்கு உள்ளேயே நிற்கும்.

வாடகை நாள் என்பது எது என்பதிலேயே பூசல் தொடங்கும். காலை எடுத்து மாலை தருவது ஒரு நாளா, எடுத்த நேரத்திலிருந்து 24 மணி நேரமா? ரசீதில் நேரத்தையும் எழுதிவிட்டால் இது தீரும். மின்தடை நாளில் வாடகை உண்டா என்பதையும் முன்பே பேசிக்கொள்வது நல்லது. முன்பணத்தோடு அடையாளச் சான்றும் கேட்பது வழக்கம். அசல் ஆதார் அட்டையைக் கடையில் வைத்துக்கொள்வது தேவையற்றது; முதல் எட்டு எண்கள் மறைக்கப்பட்ட ஆதார் நகலை ஆதார் ஆணையத்தின் இணையதளத்திலேயே எடுக்கலாம், அதுவே போதும்.

சட்டம் என்ன சொல்கிறது

கருவி வாடகைக்கென்று இந்தியாவில் தனிச்சட்டம் இல்லை. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் ஒன்பதாம் அத்தியாயத்தில், 148ஆம் பிரிவு முதல், ஒருவர் பொருளை மற்றொருவரிடம் ஒரு நோக்கத்திற்காக ஒப்படைத்து, நோக்கம் முடிந்ததும் திரும்பப் பெறுவதைப் பற்றிப் பேசுகிறது. ரசீதே எழுதாமல் வாய்ப்பேச்சில் கொடுத்தாலும் இப்பிரிவுகள் பொருந்தும். சட்டம் எழுதப்பட்ட காலத்தில் வாடகைப் பொருள் என்றால் குதிரையும் வண்டியும்தான். அதனால் அதிலுள்ள எடுத்துக்காட்டுகளும் குதிரையாகவே இருக்கின்றன. குதிரை என்ற இடத்தில் கிரைண்டர் என்று படித்துக்கொண்டால் போதும்.

150ஆம் பிரிவு கடைக்காரர் கட்டாயம் அறிந்திருக்க வேண்டியது. பொருளில் உள்ள குறை தனக்குத் தெரிந்திருந்தால் அதை எடுப்பவரிடம் சொல்ல வேண்டும் என்பது இரவலுக்கும் வாடகைக்கும் பொது. ஆனால் வாடகைக்குக் கொடுத்த பொருள் என்றால் சட்டம் ஒரு படி மேலே செல்கிறது. குறை கடைக்காரருக்குத் தெரிந்திருந்தாலும் தெரியாவிட்டாலும், அதனால் எடுத்தவருக்கு நேரும் தீங்கிற்கு அவர் பொறுப்பு. சட்டத்தின் எடுத்துக்காட்டில் ஒருவர் வண்டி வாடகைக்கு எடுக்கிறார், வண்டி பழுதானது என்பது உரிமையாளருக்கே தெரியாது, எடுத்தவர் காயமடைகிறார், உரிமையாளர் பொறுப்பேற்கிறார். ஆகவே "போன வாரம் கொண்டுபோனவர் ஒன்றும் சொல்லவில்லையே" என்ற பதில் சட்டத்தின் முன் நிற்காது. இரவல் கொடுத்த அண்டை வீட்டாருக்கும் 400 ரூபாய் வாங்கிய கடைக்காரருக்கும் உள்ள வேறுபாடு இதுதான். ஒவ்வொரு முறையும் கருவியைத் திறந்து பார்க்காமல் அடுத்தவருக்குக் கொடுப்பது எவ்வளவு துணிச்சலான செயல் என்பதும் இதனால் விளங்கும்.

எடுத்தவரின் கடமையை 151ஆம் பிரிவு கூறுகிறது. தன் சொந்தப் பொருளை ஒரு சாதாரண விவேகமுள்ள மனிதன் எவ்வளவு கவனமாக வைத்திருப்பானோ அவ்வளவு கவனம் போதும். அவ்வளவு கவனம் எடுத்த பின்னும் பொருள் கெட்டால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, அவர் பொறுப்பல்லர் என்கிறது 152ஆம் பிரிவு. தேய்ந்த கார்பன் பிரஷுக்கு எடுத்தவரிடம் பணம் கேட்க முடியாது என்பது இதன் பொருள்.

ஆனால் இரண்டு செயல்கள் இந்தப் பாதுகாப்பை உடைத்துவிடும். முதலாவது, பேசிய வேலைக்கு அப்பால் கருவியைப் பயன்படுத்துவது. 154ஆம் பிரிவின் எடுத்துக்காட்டில், தான் மட்டும் ஏறுவதற்கென்று வாங்கிய குதிரையை ஒருவர் தன் குடும்பத்தாருக்குக் கொடுக்கிறார். அவர் கவனமாகவே ஓட்டுகிறார். ஆயினும் குதிரை விழுந்து காயப்படுகிறது. வாங்கியவரே ஈடு தர வேண்டும். வாடகைக்கு எடுத்த பிரேக்கரைப் பக்கத்து வேலைக்காரருக்கு "அரை மணி நேரம்தானே" என்று கொடுப்பவர் இதே நிலையில்தான் இருக்கிறார். இரண்டாவது, குறித்த நேரத்தில் திருப்பித் தராமை. 161ஆம் பிரிவின்படி, தவணை தாண்டிய நொடியிலிருந்து பொருளுக்கு நேரும் இழப்புக்கு எடுத்தவரே பொறுப்பு. மாலையில் தர வேண்டிய கருவியை நாளைக்குத் தரலாம் என்று வேலையிடத்தில் விட்டு, இரவில் அது களவு போனால், பூட்டியிருந்தேன் என்று சொல்லிப் பயனில்லை.

மோட்டார் எரிந்தால் யார் பொறுப்பு

நீதிமன்றம் வரை போகாமல் கடை வாசலிலேயே பேசித் தீர்க்கப்படும் வழக்குகளில் முதலிடம் இதற்கே. பழுது பார்ப்பவர் கருவியைத் திறந்தால் பல நேரம் உண்மை தெரிந்துவிடும். கார்பன் பிரஷ் முழுதும் தேய்ந்து, அதனால் பொறி பறந்து ஆர்மேச்சரின் செம்புத் தகடுகள் கரிந்திருந்தால் அது பராமரிப்புக் குறை, கடைக்காரரைச் சேரும். ஆர்மேச்சரும் வெளிக்காயிலும் சேர்ந்து ஒரே சீராகக் கருகியிருந்தால் பெரும்பாலும் நெடுநேரம் மிகுந்த சுமையில் ஓட்டியதைக் காட்டும். உள்ளே சேற்றுநீர்க் கறை இருந்தாலோ, வெளிக்கூடு விரிசல் விட்டிருந்தாலோ சொல்லவே வேண்டாம். கொடுக்கும்போதும் வாங்கும்போதும் ஒரு நிமிடம் சுமையின்றி ஓட்டிக் காட்டி, இருவரும் சத்தத்தைக் கேட்பது எளிய வழக்கம். கைபேசியில் அந்த ஒரு நிமிடத்தைப் படம் எடுத்து வைப்போரும் உண்டு.

ஆனால் மூன்றாவது குற்றவாளி ஒருவர் உண்டு. அவரை யாரும் தேடுவதில்லை. அது நீட்டிப்பு வயர். 1,500 வாட் பிரேக்கர் 230 வோல்ட்டில் ஏறத்தாழ ஆறரை ஆம்பியர் இழுக்கும். 1 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் 50 மீட்டர் தொலைவுக்கு மின்சாரம் கொண்டுபோனால், போகவும் வரவும் 100 மீட்டர் கம்பி; அதன் மின்தடை சுமார் 1.8 ஓம். ஆறரையை 1.8ஆல் பெருக்கினால் சுமார் 12 வோல்ட் கம்பியிலேயே இழக்கப்படுகிறது. கடைக்கோடி இணைப்பில் வரும் மின்னழுத்தமே 200 என்றால் கருவிக்குக் கிடைப்பது 188தான். கருவி மெதுவாகச் சுழலும். அதோடு ஒட்டிய குளிர்விப்பு விசிறியும் மெதுவாகச் சுழலும். வேலை ஓடவில்லையே என்று ஆள் இன்னும் அழுத்துவார், மின்னோட்டம் கூடும், மோட்டார் சூடேறிக் கருகும். அதே தொலைவுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பி என்றால் இழப்பு 5 வோல்ட்டுக்குள் நிற்கும். பிரேக்கரோடு தடித்த வயரையும் சேர்த்தே வாடகைக்குத் தரும் கடைக்காரர் தன் மோட்டாரைக் காப்பாற்றிக்கொள்கிறார். வயரைச் சுருளாக வைத்தபடியே ஓட்டுவதும் கெடுதல். சுருளின் உள்ளே வெப்பம் வெளியேறாமல் உறை உருகும்.

கிரைண்டர் வட்டு

வாடகைக் கருவிகளில் மிகுதியான அச்சம் தர வேண்டியது கிரைண்டர். நடைமுறையில் யாரும் அஞ்சாததும் அதுவே. நான்கு அங்குல வட்டு, அதாவது 100 மில்லிமீட்டர், நிமிடத்திற்கு 11,000 சுற்றில் சுழன்றால் அதன் விளிம்பு நொடிக்கு ஏறத்தாழ 58 மீட்டர் வேகத்தில் செல்கிறது. மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல். வட்டு உடைந்தால் துண்டுகள் இந்த வேகத்தில்தான் பறக்கும். இதனால்தான் ஒவ்வொரு வட்டின் மேலும் அது தாங்கும் உச்ச வேகம் அச்சிடப்பட்டிருக்கிறது.

வெட்டும் ஆழம் போதவில்லை என்று வட்டின் மூடியைக் கழற்றிவிட்டு ஐந்து அங்குல வட்டை மாட்டுவது வேலையிடங்களில் காணப்படும் பழக்கம். அப்போது விளிம்பு வேகம் நொடிக்கு 72 மீட்டராக ஏறிவிடுகிறது, தடுக்க மூடியும் இல்லை. இதைவிடக் கொடியது மரம் அறுக்கும் பல்சக்கரத்தைக் கிரைண்டரில் மாட்டுவது. பல் மரத்தில் சிக்கினால் கருவி கையை உதறிக்கொண்டு ஆளை நோக்கியே திரும்பும். மூடியில்லாத கிரைண்டரைக் கடையிலிருந்து வெளியே அனுப்புவது, 150ஆம் பிரிவைப் படித்தவர் செய்யக்கூடியதன்று. பிசினால் செய்த வட்டுகளுக்குக் காலாவதி தேதியும் உண்டு. நடுவிலுள்ள உலோக வளையத்தில் அது பொறிக்கப்பட்டிருக்கும். வட்டு ஈரத்தில் கிடந்தால் பிசின் வலுவிழக்கும் என்பதால் மழைப்பகுதிகளில் அந்தத் தேதியை மட்டும் நம்புவதும் போதாது.

லுங்கியும் தோளில் துண்டும் சுழலும் கருவிக்கு ஆகாதவை. கண்ணாடி, முகமூடி, காதடைப்பான் ஆகிய மூன்றையும் கருவியோடு சேர்த்துக் கொடுத்து வாடகைக்குள்ளேயே அடக்கிவிட்டால் அணிவோர் தொகை கூடும். தனியாக 20 ரூபாய் கேட்டால் ஒருவரும் எடுக்கமாட்டார். கருங்கல், கான்கிரீட், டைல்ஸ் ஆகியவற்றை உலர்வாக வெட்டும்போது எழும் நுண்தூசியில் சிலிக்கா உள்ளது. அது நுரையீரலில் தங்கி சிலிக்கோசிஸ் என்னும் நோயை உண்டாக்கும். அந்நோய்க்கு முழுத்தீர்வு தரும் மருந்து இல்லை. கைக்குட்டை கட்டிக்கொள்வது அந்த அளவு நுண்ணிய தூசியைத் தடுக்காது. பிரேக்கரின் அதிர்வு விரல் நரம்புகளையும் இரத்தக் குழாய்களையும் நாளடைவில் பாதிப்பதால், ஐரோப்பிய ஒன்றியம் 2002இல் ஓர் ஆள் ஒரு நாளில் தாங்கக்கூடிய அதிர்வுக்கே வரம்பு விதித்தது.

மின்னதிர்ச்சிக்கு எதிராக, இரட்டைக் காப்புள்ள கருவிகளில் சதுரத்திற்குள் சதுரம் என்ற குறி இருக்கும். இவற்றிற்கு எர்த் கம்பி தேவையில்லை. இரண்டு முனைப் பிளக்குதான் வரும். இது குறையன்று. ஆனால் ஈரச் சுவரிலும் நனைந்த தரையிலும் வேலை செய்யும்போது 30 மில்லியாம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கூட இருப்பது நல்லது. கையடக்கமான பெட்டியில் அதைப் பொருத்தி வாடகைக்குத் தரலாம்.

மலைச்சரிவில் கருவி

பொட்டிபுரம் என்ற ஊர்ப்பெயரை வெளியூரார் பலரும் அறிந்தது நியூட்ரினோ ஆய்வகத் திட்டத்தால். உத்தமபாளையம் வட்டத்திலுள்ள இவ்வூரை ஒட்டிய போடி மேற்கு மலையில் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் நீளச் சுரங்கப்பாதை குடைந்து ஆய்வகம் அமைக்கும் திட்டத்திற்கு 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. எதிர்ப்பும் வழக்குகளும் தொடர்ந்தன. அம்மலையைத் தேர்ந்ததற்கு ஒரு காரணம் அதன் பிளவற்ற கடும்பாறையான சார்னோகைட். கொல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறைக் கல்லை வைத்து இப்பாறைக்கு அந்தப் பெயர் இடப்பட்டது. இயற்பியலாருக்கு உகந்த இந்தப் பாறை, மலையடியில் வீடு கட்டுபவரின் துளைக்கருவிக்கு உகந்ததன்று. செங்கல் சுவரில் பல நாள் தாங்கும் பிட், கருங்கல்லில் சில துளைகளிலேயே முனை மழுங்கிவிடும். அதனால் பிட்டையும் உளியையும் கருவி வாடகையில் சேர்க்காமல், தேய்ந்த அளவுக்குத் தனியாகக் கணக்கிடுவதே இருவருக்கும் நியாயமானது.

போடிநாயக்கனூர் ஏலக்காய் வணிகத்திற்குப் பேர்போன ஊர்; நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏல மையம் இங்குண்டு. 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டு ஏறினால் கேரளத்தின் இடுக்கி மாவட்டம்; ஏலத் தோட்டங்கள் அங்கேதான் பரந்துள்ளன. நாள்தோறும் ஜீப்புகளில் தொழிலாளர் மலையேறுவது போலக் கருவிகளும் ஏறுகின்றன. தோட்டத்தில் கேட்கப்படுவது பிரேக்கர் அன்று. புல்வெட்டி, சங்கிலி வாள், மருந்து தெளிப்பான் ஆகியவை. தென்மேற்குப் பருவமழைக்கு முன் நிழல்மரங்களைக் கவாத்து செய்யும் நாள்களில் சங்கிலி வாளுக்குத் தேவை மிகும். மழை பிடித்த பிறகு மலையில் கட்டட வேலை தளரும்; கட்டடக் கருவிகள் கடையில் உறங்கும். ஆகவே இரு வகையும் வைத்திருக்கும் கடை ஆண்டு முழுதும் ஓடும்.

மலைக்குப் போகும் கருவிக்குச் சில தனிக் கவனங்கள் உள்ளன. இரண்டு ஸ்ட்ரோக் எந்திரங்களில் பெட்ரோலோடு எண்ணெய் கலக்க வேண்டும். 50க்கு 1 என்று குறித்திருந்தால் லிட்டருக்கு 20 மில்லி. எண்ணெயின்றி வெறும் பெட்ரோல் ஊற்றினால் சில நிமிடங்களில் பிஸ்டன் பிடித்துவிடும். அளந்து கலந்த எரிபொருளைக் கடைக்காரரே கொடுத்து அனுப்பினால் இந்த இழப்பு வராது. உயரம் கூடக் காற்றின் அடர்த்தி குறைவதால் எந்திரத்தின் வலுவும் சற்றுக் குறையும். போடியில் சரியாக ஓடியது மெட்டில் புகைவிட்டு இழுத்தால் அது பழுதன்று, கார்புரேட்டரைச் சற்றுத் திருத்தினால் போதும். இதை முன்கூட்டியே சொல்லாததால் திருப்பி அனுப்பப்படும் எந்திரங்கள் உண்டு. சரிவில் புல்வெட்டியின் தகடு கல்லில் பட்டால் கல் தெறிக்கும். 15 மீட்டர் சுற்றளவில் வேறு ஆள் நிற்கக் கூடாது என்று தயாரிப்பாளர்களின் கையேடுகள் கூறுகின்றன. வரிசையாக நின்று களையெடுத்துப் பழகியவர்களுக்கு இந்த இடைவெளி செயற்கையாகத் தோன்றும். வலியுறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கோடையில் தீ இன்னொரு கவலை. 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் மலையேற்றக்காரர்கள் பலர் உயிரிழந்த காட்டுத்தீ, இச்சரிவுகளின் காய்ந்த புல் எவ்வளவு விரைவாக எரியும் என்பதைக் காட்டியது. கிரைண்டரின் பொறியும் எந்திரத்தின் சூடான புகைக்குழாயும் அத்தகைய புல்லுக்குப் போதுமானவை. வேலி இரும்பை அறுக்கும் இடத்தைச் சுற்றிப் புல்லை நீக்கி, ஒரு குடம் தண்ணீரையும் அருகே வைத்துக்கொள்வது தோட்டங்களில் கடைப்பிடிக்க வேண்டிய முறை.

சங்கிலி வாளை வாடகைக்கு விடுபவர் எந்த மரம் என்று கேட்பது தலையீடு ஆகாது. தமிழ்நாட்டில் 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம், அறிவிக்கப்பட்ட மலைப்பகுதிகளில் சொந்த நிலத்து மரத்தை வெட்டவும் அனுமதி வேண்டும் என்கிறது. கேரளத்தின் ஏலமலைக் காப்பு நிலங்களிலும் மரம் வெட்டக் கட்டுப்பாடுகள் உள்ளன. அனுமதியின்றி வெட்டும்போது பிடிபட்டால் கருவியும் சேர்ந்து பறிமுதலாகக்கூடும். அதை மீட்க அலைய வேண்டியவர் அதன் உரிமையாளரே.

மின்கம்பி எட்டாத தோட்ட வேலைகளுக்கு மின்கலக் கருவிகள் இப்போது பயன்படுகின்றன. 18 வோல்ட், 4 ஆம்பியர்-மணி மின்கலம் ஒன்றில் 72 வாட்-மணி ஆற்றல் இருக்கும். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்கு தகர ஓடு முடுக்கவும் மரத்தில் துளையிடவும் இது தாராளம்; பாறையைத் துளைக்க ஆகாது. இத்தகைய கருவியை வாடகைக்கு எடுப்பவர் இரண்டு மின்கலங்கள் கேட்டு வாங்குவது நல்லது. கடைக்காரருக்கோ, கருவியைவிட மின்கலமே சீக்கிரம் ஆயுள் தீரும் பொருள் என்பதால் அதற்கென்று தனியாக ஒரு தொகை எடுத்து வைக்க வேண்டியிருக்கும்.

அரசும் பொது நூலகமும்

வேளாண் இயந்திரங்களைப் பொறுத்தவரை வாடகைக்கு விடும் பணியை அரசே செய்கிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பொறியியல் துறை டிராக்டர், அறுவடை இயந்திரம், மண் அள்ளும் இயந்திரம் முதலியவற்றை மணிக்கணக்கில் உழவர்களுக்குத் தருகிறது. இ-வாடகை என்ற இணைய வசதியில் முன்பதிவு செய்யலாம். 2014-15இல் தொடங்கிய மத்திய அரசின் வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தின் கீழ், உழவர் குழுக்களும் தொழில்முனைவோரும் வாடகை மையம் அமைக்க மானியம் உண்டு. கட்டட மின்கருவிகளுக்கு இதுபோன்ற ஏற்பாடு இல்லை. பெரிய கட்டுமான நிறுவனங்களுக்கு ஹில்ட்டி போன்ற தயாரிப்பாளர்கள் மாதக் கட்டணத்தில் கருவிகளைத் தந்து பழுதும் பார்க்கின்றனர். ஊர்ப்புறத்து மேஸ்திரிக்கு அது எட்டுவதில்லை.

அமெரிக்காவின் சில நகரங்களில் புத்தகம் தருவது போலக் கருவிகளையும் கட்டணமின்றி இரவல் தரும் கருவி நூலகங்கள் உள்ளன. மிச்சிகன் மாநிலத்தின் குரோஸ் பாயின்ட்டில் 1943இல் ஒன்று தொடங்கியது. கலிபோர்னியாவின் பெர்க்லி நகரப் பொது நூலகம் 1979 முதல் கருவிகளை இரவல் தருகிறது. நூலக அட்டை வைத்திருக்கும் நகரவாசிகள் டிரில்லையும் கோடரியையும் வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம்.